மீனுக்குப் பார்த்த பணிவிடை

கவனிக்க ஆளில்லாமல் என் தொட்டி மீன்கள் செத்தன என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் கவனித்துத்தான் செத்தன.

ஞாயிற்றுக்கிழமையானால் எனக்குச் சுத்தப் பைத்தியம் பிடிக்கும். மீன்களை வலையோடு துரத்திப் பிடித்துப் பக்கெட்டில் போடுவேன். தண்ணீரைச் சொட்டு விடாமல் கொட்டிவிட்டுக் கூழாங்கற்களைத் தேய்ப்பேன். ஃபில்டர் ஸ்பாஞ்சை மெட்ரோ தண்ணீர்க் குழாயடியில் பிழிந்து பிழிந்து புதுசு போல ஆக்குவேன். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா அந்த அழுக்கில்தான் குடியிருக்கிறது. குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் பட்டால் அது செத்துப்போகும். மறுபடி பெருக ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகலாம். நானோ வாராவாரம் அழித்துக்கொண்டிருந்தேன். தொட்டி பளபளத்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசிக்கிறது போலிருக்கிறது என்று இன்னொரு சிட்டிகை தீனி போட்டேன்.

அடுத்தது வெள்ளைப்புள்ளி நோய். உடம்பெல்லாம் ரவை தூவியது மாதிரி. மருந்துக்காகக் கொளத்தூர் மீன் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் மருந்தை எடுப்பதாகத் தெரியவில்லை.

“புது மீன் ஏதாச்சும் விட்டீங்களா சார்?”

“டைகர் பார்ப்.”

“ஏற்கெனவே என்ன இருந்துது?”

“கப்பி.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். கப்பியின் நீளவாலைக் கண்டால் கடிக்காமல் விடாத மீன் டைகர் பார்ப். கலர் நன்றாக இருக்கிறதே என்று வாங்கி, அப்படியே தொட்டிக்குள் கவிழ்த்திருந்தேன். நாள் முழுக்க விரட்டப்படும் மீனின் உடம்பில் கார்டிசால் ஏறும், எதிர்ப்புச் சக்தி இறங்கும். வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணிக்கு அது போதும்.

மருந்து போட்டதும் புள்ளிகள் மறைந்தன. ஜெயித்துவிட்டேன் என்று நிறுத்தினேன். தோலுக்கடியில் இருக்கும்வரை அந்த ஒட்டுண்ணியை மருந்து தொடாது. உதிர்ந்து, பெருகி, குஞ்சுகள் தண்ணீரில் நீந்தும்போதுதான் கொல்லும். அவை பெரும் படையாகத் திரும்பி வந்தன.

“நீங்க சும்மா இருந்தாலே அதுங்க பொழைச்சுக்கும்” என்றாள் மனைவி. மருத்துவக் குறிப்பாகவே அதை எடுத்துக்கொண்டேன். இப்போது வாரம் கால் பங்கு தண்ணீர்தான் மாற்றுகிறேன், அதுவும் ஆன்டி குளோரின் விட்டு. ஸ்பாஞ்சை அலசுவது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவே தீனி. ஒளிந்துகொள்ளச் செடிகள், ராத்திரியில் இருட்டு.

புது மீன் வாங்குகிறவர்கள் இரண்டு மூன்று வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகு சேர்த்துவிடுங்கள். என் வீட்டுக்கு வருகிறவர்கள் தயவுசெய்து கண்ணாடியைத் தட்டாதீர்கள்.