எல்லாத்தையும் விட்டவர்

குருக்கள்மடத்தில் மிதவைப் பாதை ஏறி, மட்டக்களப்பு வாவியைக் கடந்து அம்பிளாந்துறைக்குப் போகிறீர்கள். மோட்டார் சைக்கிளைத் தாங்கிப் பிடித்தபடி பக்கத்தில் நிற்கிறவருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. "இவளுக்காகத் தாய், தகப்பன், கூட்டாளிமார் எல்லாத்தையும் உட்டுட்டு வந்தன் அண்ணன்" என்று தொடங்குவார். அக்கரை வருவதற்குள் கண்கூடக் கலங்கும். இறங்கியதும் நேரே அம்மா வீட்டுக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமையில் அங்கே நண்டுக்கறி.

வாவிக்கரையில் இவர் இல்லாத ஊர் இல்லை. இவர் 'விட்ட' தாயோ, "மெலிஞ்சு போனாய் மனே" என்று இன்னும் ஓர் அகப்பை சோறு போடுவாள். அவளுக்கு மகன் மேல் கோபமே கிடையாது. "பாயோட ஒட்ட வச்சிட்டாளுகள்" என்பாள். மட்டக்களப்புக்கு வந்த வெளியூரார் திரும்பாததற்குச் சொல்லும் அந்தப் பழைய காரணம், படுவான்கரையிலிருந்து எழுவான்கரைக்குப் போன பிள்ளைக்கும் உதவுகிறது.

கூட்டாளிமாரின் கதை வேறு. கலியாண எழுத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்தவர்கள் அவர்கள்தான். ஓடின இரவு ஒருவன் இரவலாகக் கொடுத்த மோட்டார் சைக்கிள்தான் இப்போது பாதையில் நிற்பது. அவனைக் கண்டு ஒழுங்கை மாறிப் போவதைத் தியாகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெரிய பகிடி இனித்தான். எங்கள் பக்கம் குடி தாய்வழி. வீடும் வளவும் மகளுக்குச் சீதனம். மூத்தவளுக்கு இருக்கிற வீட்டை எழுதிவிட்டு, இளையவளுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று கட்டத் தொடங்குவார் தகப்பன். மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வந்து குடியிருப்பார். அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008-இல் வெளியிட்ட நூலில் இந்த வழக்கத்தை விரிவாகவே எழுதியிருக்கிறார். ஆகவே நம்மவர் காதலிக்காமல், சொல்வழி கேட்டு மாமன் மகளைக் கட்டியிருந்தாலும், தாய் வீட்டை விட்டுப் பெட்டி தூக்கியே இருப்பார். ஊரில் எல்லா ஆம்பிளையும் செய்கிற காரியத்துக்கு இவர் மட்டும் மாலை கேட்கிறார்.

உண்மையில் விட்டவள் அவர் மனைவி. அவள் பேருக்கு எழுதவிருந்த வீட்டு உறுதி தங்கச்சி பேருக்குப் போய்விட்டது. தாயும் சகோதரிகளும் ஒரே வேலிக்குள் இருக்க, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கூப்பிட ஆளில்லாமல், அதே ஊரில் வாடகை வீட்டில் இருக்கிறாள். அந்தக் காதல் இதற்குப் பெறுமதியா என்று கேட்டால், அவள் ஆம் என்றே சொல்லக்கூடும், சொல்லட்டும். பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துத் தாய் ஒருநாள் கிறுகி வரவும் கூடும். உறுதி கிறுகி வராது.

மறுகா பாதையில் அவர் கதையைத் தொடங்கினால், அக்கரை சேரும்வரை கேளுங்கள். கேட்டு முடிந்ததும் தேத்தண்ணிக் காசை அவர் தலையிலேயே போடுங்கள்.