புது ஷிகாரி

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஹாரன் அடித்தால் சுமார் அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் தாம்ஹிணி மலைப்பாதையில் உறங்கும் பறவை விழித்துக்கொண்டுவிடும் என்ற பயத்தால் அதைத் தொடாமல், அதற்குப் பதிலாகக் காவற்காரனை விட்டு நம்முடைய பெயரை நான்கு மாடிக்கும் கேட்கும்படி கூவச் செய்கிறாரே, அவர்தான் புது ஷிகாரி. புனேயில் குடியேறிய தமிழர்களில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கிடையே இந்த ஜாதி இப்போது வெகுவாகப் பெருகி வருகிறது.

அவரிடம் துப்பாக்கி கிடையாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், உரிமம் பெற்று வேட்டையாடுவதற்கு அதில் மிச்சமிருந்த சந்துபொந்துகளை அடைத்த 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் சேர்ந்து அந்தக் கவலையை அவருக்கு வைக்கவில்லை. அவருடைய ஆயுதம் ஒரு காமிராவும், அதன் முன்னால் முழங்கை நீளத்துக்கு நீண்டிருக்கும் லென்ஸுந்தான். ஆனால் துப்பாக்கி போனாலும் துப்பாக்கிக்காரரின் தோரணை போகவில்லை. படம் எடுத்துவிட்டால் "அடித்துவிட்டேன்" என்பார். எடுக்காவிட்டால் "குறி தப்பிவிட்டது" என்பார். தாத்தா காலத்து வேட்டைப் பிரதாபங்களைப் பேரன் தொடர்கிற பாவனை அது. தாத்தாவோ, எனக்குத் தெரிந்தவரை, தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து கொசுவைத் தவிர வேறெதையும் கொன்றறியாதவர்.

ஆரம்பக்காரன் கோழிக்குலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். சீமையில் பெஸன்ட் என்ற பறவையைச் சுட்டுத்தான் இளைஞர்கள் வேட்டை பழகுவார்களாம். அந்த இனம் நம் நாட்டில் இமயமலைப் பக்கமே அதிகம். தக்காணத்துக்காரர்களாகிய நமக்குக் கிடைப்பவை அதன் தாயாதிகளான மயில், காட்டுக்கோழி, கௌதாரி, காடை முதலியவை. இதற்குப் பிரமாணமாக ஹியூமும் மார்ஷலும் 1879க்கும் 1881க்கும் இடையில் மூன்று பாகங்களாக வெளியிட்ட வேட்டைப் பறவைகள் புத்தகத்தை எடுத்துக்காட்டுவார். அந்த ஹியூம்தான் காங்கிரஸை ஸ்தாபித்தவர் என்பதையும், 1885ஆம் ஆண்டு அதன் முதல் மகாசபை இந்தப் பூனா நகரத்தில்தான் கூடுவதாக இருந்து காலரா பரவியதால் பம்பாய்க்கு மாற்றப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, ஏதோ தமக்கே நேர்ந்த நஷ்டம் போல் பெருமூச்சு விடுவார்.

மயிலை அவர் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. நகரத்துக்குள்ளேயே வேதாள் டேக்டி என்ற குன்றில் காலை உலாவப் போகிறவர்களுக்கெல்லாம் அது காட்சி கொடுத்துவிடுகிறது. மோராச்சி சிஞ்சோளி என்ற கிராமத்துக்குப் போனால் வயலில் திரிந்துகொண்டிருக்கிறது. கூப்பிடாமல் வருகிற பறவையை அடிப்பதில் என்ன சூரத்தனம் இருக்கிறது? ஆகையால் அவர் மனத்தை முழுவதும் கவர்ந்திருப்பது காட்டுக்கோழிச் சேவல்தான். தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் காணக்கிடைக்காத அந்தச் சாம்பல் நிறச் சேவலின் கழுத்திறகுகளில் மெழுகு சொட்டினாற்போலப் பொன்னிறப் புள்ளிகள் இருக்கும். மழைக்காலத்தில் அந்த இறகுகள் உதிர்ந்து சேவல் பரம ஏழையாகிவிடும் என்பதைப் புத்தகத்தில் படிக்காமல் ஆகஸ்டு மாதத்தில் நாலு தடவை நனைந்துவிட்டு வந்தார். அது போகட்டும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அவருடைய மௌனத்தைப் பற்றி. காட்டில் கால் வைத்த கணத்திலிருந்து அவர் பேசமாட்டார், பிறரையும் பேசவிடமாட்டார். வலக்கையை உயர்த்தி, விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையை நம் முகத்துக்கு நேரே நீட்டி, "உஸ்" என்பார். தும்மினால் உஸ். இருமினால் உஸ். பிஸ்கோத்துக் காகிதம் சரசரத்தால் உஸ். "என் காலில் எறும்பு ஏறுகிறது" என்று சொல்ல வாயெடுத்தால், எறும்பையும் சேர்த்து உஸ். இப்படி நம்மைச் சவமாக்கிவிட்டு, மௌனத்தின் மகத்துவத்தைப் பற்றி அவர் காதோடு காதாக ஒரு பிரசங்கம் ஆரம்பிப்பார். அந்த ரகசியக் குரல் இருக்கிறதே, அது சாதாரணப் பேச்சைவிட இரண்டு பங்கு தூரம் போகக்கூடியது. பறவைகளின் செவி எவ்வளவு கூர்மையானது, நிசப்தமாக உட்காரத் தெரியாதவன் எப்படி இந்த வித்தைக்கு லாயக்கற்றவன், சென்ற வாரம் கூட வந்த ஒருவர் மூக்கைச் சிந்தியதால் எப்பேர்ப்பட்ட வாய்ப்பு நழுவியது என்பதையெல்லாம் முக்கால் மணி நேரம் விஸ்தரித்து, முடிவில், "இன்றைக்கு ஒன்றும் வராது போலிருக்கிறது, நீங்கள் அசைகிறீர்கள், சார்" என்று தீர்ப்பும் கூறிவிடுவார்.

இந்தப் பழக்கம் காட்டோடு நிற்பதில்லை. காய்கறிக்காரியிடம் வெண்டைக்காய் விலையைக் கிசுகிசுவென்று கேட்கிறார். சமையலறையில் தாளிக்கும் சத்தத்துக்கு அவர் கை தானாக உயர்கிறது என்று அவருடைய மனைவி சொல்லி வருத்தப்பட்டாள்.

இவ்வளவு மௌனத்துக்கும் முத்தாய்ப்பாக அவருடைய பையிலிருந்து ஒரு சிறிய ஒலிபெருக்கி வெளிவரும். என் தும்மலைச் சகியாத அதே மனிதர், அதைப் பாறையின்மேல் வைத்துப் பொத்தானை அமுக்க, பதிவு செய்யப்பட்ட சேவலின் குரல் பள்ளத்தாக்கு முழுவதும் முழங்கும். சென்ற ஏப்ரலில் அப்படி முழக்கியபோது எதிர்ச்சரிவிலிருந்து கணீரென்று பதில் வந்தது. அவர் முகம் சிவந்தது, மறுபடி அமுக்கினார், மறுபடி பதில். சேவல் நெருங்கி வருகிறது என்றும், மூச்சுவிடாமல் இருக்க வேண்டும் என்றும் எனக்குக் கையாலேயே கட்டளை பிறந்தது. ஒரு மணி நேரம் இப்படி வாதப் பிரதிவாதம் நடந்த பிறகு எதிர்ப்புதரை விலக்கிக்கொண்டு, ராணுவத்தார் அணிவது போன்ற புள்ளிச் சட்டையும் நண்பருடையதைவிடப் பெரிய லென்ஸுமாக வெளிப்பட்டவர், புனேயின் கட்கிப் பகுதியில் இருக்கும் இன்னொரு புது ஷிகாரி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்து ஏககாலத்தில் "உஸ்" என்றார்கள். திரும்பும் வழியில் டீ கொடுத்த மராத்திய மூதாட்டி, "ரான்கொம்படாவா, காட்டுச்சேவலா? விடிந்ததிலிருந்து இந்தக் குப்பைமேட்டைத்தானே கிளறிக்கொண்டிருந்தது" என்றாள்.

சிரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், முடியவில்லை. இனப்பெருக்கக் காலத்தில் நிஜமாகவே அந்த எதிர்ச்சரிவில் ஒரு சேவல் இருந்திருந்தால், இல்லாத எதிரியைத் தேடிக்கொண்டு தன் வேலையை விட்டு அரை நாள் அலைந்திருக்கும். போதாததற்கு நண்பர் பையில் சோளமும் கொண்டுவருகிறார், தூவி வைப்பதற்கு. வேட்டை என்ற சொல்லுக்கு அந்த வனவிலங்குச் சட்டம் கூறும் இலக்கணத்தில் கொல்வதும் பிடிப்பதும் மட்டுமல்ல, விரட்டுவதும் இரை வைப்பதும் அடங்கும். இதை அவரிடம் சொன்னேன். "நான் துப்பாக்கியா வைத்திருக்கிறேன்?" என்று கேட்டார். துப்பாக்கி வைத்திருந்த பழைய ஷிகாரிகளில் சிலராவது, வலசை எப்போது, முட்டை எப்போது, எந்தப் புல்லில் எந்தக் காடை என்பதையெல்லாம் கற்றுக்கொண்டார்கள். சலீம் அலியே சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு, அது என்ன குருவி என்று விசாரிக்கப் போய்த்தான் பறவை சாஸ்திரியானார். நம்மவர்களோ சுடுவதில்லை, விசாரிப்பதும் இல்லை.

ஆயினும் அவரை முற்றிலும் வெறுக்க என்னால் இயலவில்லை. அன்றைக்கே பௌட் கிராமத்தைத் தாண்டி வரும்போது ஒரு கௌதாரி, கொட்டைப்பாக்கு அளவுக் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு ரஸ்தாவில் இறங்கியது. வண்டியை நிறுத்திவிட்டுக் குதித்து ஓடியவர், பின்னால் வரிசையாக நின்ற லாரிகளும் பஸ்களும் ஹாரன் அலற, நடுச்சாலையில் நின்று அந்த உள்ளங்கையை அவற்றுக்கு நேரே நீட்டி, கடைசிக் குஞ்சு புதருக்குள் புகும்வரை ஒரு லாரியையும் நகரவிடவில்லை. காமிரா பின்னிருக்கையில் கிடந்தது. அது ஞாபகம் வந்தபோது வெகு தூரத்துக்குக் கேட்கும்படி தலையில் அடித்துக்கொண்டார்.

இப்போது அவருக்கு அசல் பெஸன்டே வேண்டுமாம். உத்தராகண்ட மாநிலத்தின் பறவையான மோனாலைத் தேடி அங்குள்ள சோப்டாவுக்குப் போக ஏற்பாடு நடக்கிறது. பனியில் மூன்று மணி நேரம் வாய் திறவாமல் உட்காரக்கூடிய துணை ஒருவர் தேவை என்று என்னிடம் வந்தார். முழங்கால் வலியைக் காரணம் சொல்லி, என் மைத்துனனைச் சிபாரிசு செய்திருக்கிறேன். ஆயுள் காப்பீட்டு முகவரான அவன் தூக்கத்திலும் வாய் மூடியதில்லை. அடுத்த மாதம் இருவரும் புறப்படுகிறார்கள்.