வீடு பார்க்கிறவர்

விருத்தாசலத்தில் பழமலைநாதர் கோயிலை ஒட்டிய வீதிகளில் ஏதேனும் ஒரு பழைய வீடு விலைக்கு வரப்போகிறது என்ற பிரஸ்தாபம் எழுந்த மாத்திரத்தில், தரகர் காதுக்கு அது எட்டுவதற்கு முன்பே, சில சமயங்களில் வீட்டுக்காரர் மனசிலேயே அது உறுதிப்படுவதற்கும் முன்பே, வெள்ளை வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக, அளவுநாடா வைத்த துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த வீட்டுத் திண்ணைக்கு எதிரே வந்து நிற்கிற பெரியவர் ஒருவர் உண்டு. இந்த ஜாதிப் பிரகிருதிகள் கும்பகோணத்திலும் காஞ்சிபுரத்திலும் மயிலாப்பூரிலும்கூட இருக்கிறார்கள் என்று கேள்வி. ஆனாலும் எங்கள் ஊர்க்காரருக்கென்று சில விசேஷ லட்சணங்கள் அமைந்திருக்கின்றன.

அவருக்கு வீடு இல்லை என்று யாரும் அனுதாபப்பட வேண்டாம். பெரியார் நகரில் குளிர்சாதனமும் கார் நிறுத்த இடமுமாக விசாலமான கான்கிரீட் வீடு ஒன்று இருக்கிறது. உத்தியோக காலம் முழுவதும் பீங்கான் தொழிலில் கழிந்தது. நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே படிந்திருக்கும் வெண்களிமண் இவ்வூருக்கு வந்து, ஃபியூஸ் கட்டையாகவும் அகல்விளக்காகவும் கொலுப் பொம்மையாகவும் அவதாரம் எடுக்கிறதல்லவா? அந்தச் சாமான்கள் சூளையிலிருந்து இறங்கும்போது ஒவ்வொன்றையும் விரலால் சுண்டி, கணீரென்றால் தேறியது, மொத்தென்றால் உள்விரிசல் என்று தரம் பிரிப்பது அவருடைய வேலை. ஓய்வு பெற்ற பிறகும் விரல் ஓயவில்லை. இப்போது தூணைச் சுண்டுகிறார், கதவைச் சுண்டுகிறார், சுவரைச் சுண்டிக் காதை வைத்துக் கேட்கிறார். காப்பி கொடுத்தால் கோப்பையைச் சுண்டிவிட்டுத்தான் குடிப்பார். குடித்து முடித்ததும் கவிழ்த்து அடியில் முத்திரை பார்ப்பார்.

வீட்டுக்குள் நுழைகிற வைபவத்தை நேரில் பார்க்க வேண்டும். ரேழியில் செருப்பை விட்டு, தாழ்வாரத்தில் தலை குனிந்து, முற்றத்தை அடைந்தவுடன் அண்ணாந்து வானத்தைத் தரிசித்துச் சில விநாடி பேச்சற்று நிற்பார். பிறகு கட்டைக்குத்து மச்சைக் காட்டி, விட்டத்தின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புக் காரை போட்டுக் கட்டிய அக்காலத்துக் கொத்தனார்களின் சாமர்த்தியத்தை, அங்கேயே பிறந்து வளர்ந்த வீட்டுக்காரருக்கே உபதேசிப்பார். "இந்தக் காத்து எங்க வீட்டுல வருமா?" என்று உருகுவார். உச்சிவேளைக்குள் எப்படியும் தம் குளிர்சாதன அறைக்குத் திரும்பிவிடுவார் என்பது வேறு விஷயம். முற்றத்தில் மழை பெய்தால் துடைக்கப்போவது யார் என்று அவருடைய சகதர்மிணி ஒரு தடவை கேட்டாராம். அந்தக் கேள்விக்கு இன்றளவும் சமாதானம் வரவில்லை.

தெற்குப் பக்கத்து வீதி ஒன்றில் வயது முதிர்ந்த அம்மாள் ஒருவர் தனியாக வசிக்கும் வீடு அவருக்கு மிகவும் இஷ்டமானது. நான் உடன் சென்றிருந்த சமயம் நடந்த சம்பாஷணை இது.

"தம்பி, இந்தத் தூணெல்லாம் பர்மா தேக்கு. எங்க மாமனார் காலத்துல ரங்கூன்லேருந்து வந்தது."

"தெரியும்மா. ஆறாவது தூண்ல மட்டும் அடியில கரையான் ஏறுது, பாத்தீங்களா?"

"போன வருஷமும் நீங்கதானே தம்பி சொன்னீங்க!"

வீட்டுக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். செம்பியன் மாதேவியார் பத்தாம் நூற்றாண்டில் கற்றளியாக்கிய கோயிலின் நிழலில் வசிப்பவர்கள், தங்கள் வீட்டுக்கு நூறு வயது என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுவது இயல்புதானே? 1751-ஆம் ஆண்டில் ராபர்ட் கிளைவும் பிகாட்டும், திருச்சிராப்பள்ளிக்கு அனுப்பிய படைக்குத் துணையாக இவ்வூர்வரை வந்துவிட்டுத் திரும்புகையில் பாளையக்காரரின் ஆட்கள் துரத்த, குதிரை வேகத்தால் பிழைத்தார்கள் என்பது சரித்திரம். அந்தக் குதிரையைக் கட்டிய வளையம் என்று குறைந்தபட்சம் மூன்று திண்ணைகளில் காட்டுகிறார்கள். நம்மவர் வளையத்தையும் சுண்டிப் பார்த்துவிட்டு, மாட்டுக்காகப் போட்ட வளையம் என்பது தெரிந்தும், மரியாதையாகத் தலையை ஆட்டுவார். விருத்தகாசி என்று பெயர் பெற்ற இந்த க்ஷேத்திரம் காசியைவிட ஒரு வீசம் அதிகப் புண்ணியம் வாய்ந்தது என்பது ஐதிகம். விலை சொல்லும்போது அந்த வீசத்தையும் சேர்த்தே சொல்லுகிறார்கள்.

உண்மையில் அவருடைய பேரானந்தம் தூணிலும் முற்றத்திலும் இல்லை, பத்திரங்களில் இருக்கிறது. மூலப் பத்திரம், பாகப்பிரிவினை, வில்லங்கச் சான்று, பட்டா என்று டிரங்குப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக வெளிப்படும்போது அவர் முகத்தில் ஒரு தேஜஸ் உண்டாகும். கோயில் வீதிகளில் அடிமனை தேவஸ்தானத்துக்கும் மேல்கட்டடம் குடியிருப்பவருக்குமாக இருப்பது தமிழ்நாடெங்கும் உள்ள சங்கடம். அப்படிப்பட்ட மனையை 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி ஆணையர் அனுமதியில்லாமல் விற்க இயலாது என்பதை அவர் ஸ்தோத்திரம்போல் ஒப்பிப்பார். அடுத்தது வாரிசுகள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று 1989-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தபோது, அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது கிடையாது என்றிருந்ததையும், 2005-இல் மத்திய சட்டம் அந்தப் பேதத்தை நீக்கியதையும் விளக்கி, சிங்கப்பூரில் இருக்கும் பேத்தி உட்பட இன்னாருக்கு இத்தனை பங்கு என்று காகிதத்தில் போட்டுக் கொடுப்பார். பத்து வருஷம் முகம் பார்க்காத சகோதரர்கள் இவர் கணக்கைக் கண்டித்துப் பேசுவதற்காக ஒரே திண்ணையில் கூடியதை நான் கண்டிருக்கிறேன்.

எல்லாம் கூடிவந்து, "ஐயா, முன்பணம்?" என்று தரகர் மெதுவாக ஆரம்பிக்கும்போதுதான் நம்மவருக்குச் சைவப் பற்று பொங்கும். சுந்தரர் இவ்வூரில் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த கதையை விஸ்தாரமாகச் சொல்லுவார். "ஆண்டவன் கொடுத்த பொன்னுக்கே அவர் மச்சம் வெட்டி வெச்சுக்கிட்டுத்தான் ஆத்துல போட்டார். நான் உங்க கையில போட்டா எந்தக் குளத்துல போய்த் தேடறது?" தரகர் எழுந்து போய்விடுவார். இவ்வூரில் அந்தக் கதையைக் கேட்டு நடுங்குகிறவர்கள் வீட்டுத் தரகர்கள் மட்டுமே.

இவரைப் பரிகாசம் செய்வது எளிது, நானும் செய்ததுண்டு. ஆனால் நிஜமாகவே வீடு வாங்குகிறவர்களின் லட்சணத்தையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். அவர்கள் முற்றத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. வாசலில் நின்று அகலத்தைக் காலடியால் அளந்துவிட்டு, முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த மாதம் தூண்களும் நிலைக்கதவும் லாரியேறிக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேர்கின்றன. திண்ணை இருந்த இடத்தில் ஷட்டர் போட்ட நான்கு கடைகளும் மேலே மூன்று மாடியும் முளைக்கின்றன. மாசி மகத் தேர் வரும் நாளில் உறவினர்கள் உட்காரத் திண்ணை இன்னும் சில வீடுகளில் மிஞ்சியிருக்கிறதென்றால், விலை படியாமல் வருஷக் கணக்காக இழுத்தடித்த நம் பெரியவரின் கைங்கரியம் அதில் கணிசமானது என்பது என் அபிப்பிராயம்.

சென்ற ஆண்டு அந்த அம்மாளுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறைகளைக் காகிதத்தில் எழுதி, முனியப்பர் சன்னதியில் பிராது கட்டுவது இப்பக்கத்து வழக்கம்; காரியம் கைகூடினால் திரும்பச் சென்று பிராதை வாபஸ் வாங்க வேண்டும். வீடு விற்க வேண்டுமென்று பிராது கட்டத் தீர்மானித்த அம்மாள், கையெழுத்து அழகாக இருக்கும் என்பதற்காகவும், வீட்டின் விவரம் தம் பிள்ளைகளைவிட அவருக்கே நன்றாகத் தெரியும் என்பதற்காகவும், எழுதுகிற பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார். அவரும் இரவெல்லாம் கண்விழித்து, கிழக்கு மேற்கு நீளம், தெற்கு வடக்கு அகலம், தூண்களின் எண்ணிக்கை, ஆறாவது தூணின் கரையான், கொல்லைக் கிணற்றின் ஆழம், வாரிசுகளின் பங்கு வீதம் என்று மூன்று பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார். கட்டிவிட்டு வந்த பிறகுதான் தெரிந்தது, வீடு விலைபோக வேண்டும் என்ற பிரார்த்தனை மட்டும் அதில் எங்குமே இல்லை என்று.

அம்மாள் கேட்டதற்கு, "அது சாமிக்குத் தெரியாதாம்மா?" என்றாராம். வரும் ஞாயிற்றுக்கிழமை மச்சை இன்னொரு தடவை பார்க்க வருவதாகவும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.