மேற்கே வெளுக்கிறது!

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் லேக் டிஸ்ட்ரிக்ட் என்றொரு சீமை இருக்கிறது. மலையும் ஏரியுமாக அழகு கொட்டிக் கிடக்கும் இடம். கூடவே மழையும் கொட்டும். அட்லாண்டிக் கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் மேல்காற்று, இந்த மலைகளில் ஏறிக் குளிர்ந்து, சுமையை அங்கேயே இறக்கிவைத்துவிட்டுப் போகிறது. பாரோடேல் பள்ளத்தாக்கிலுள்ள சீத்வெயிட் என்ற குக்கிராமத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய 3,500 மில்லிமீட்டர். லண்டனில் பெய்வதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல்.

இதெல்லாம் தெரிந்தும் ஒவ்வோர் ஆகஸ்ட்டிலும் மனைவி மக்களைக் காரில் ஏற்றிக்கொண்டு அங்கே போகிறவர் ஒருவர் உண்டு. பெயர் எதுவாகவும் இருக்கலாம். லீட்ஸிலிருந்து வரலாம், பர்மிங்ஹாமிலிருந்து வரலாம். ஆளை அடையாளம் காண ஒரே வழிதான். வைப்பர் மூச்சிரைக்க ஆடிக்கொண்டிருக்கும்போது விரலை நீட்டி, "அதோ பார், மேற்கே வெளுக்கிறது" என்பார். பின்சீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். மேற்கே ஒரு மலை இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

மழை விஷயத்தில் அவருக்கென்று தனிச் சட்டம் உண்டு. தூறல் மழையில் சேராது. சாரல், காற்று செய்யும் குற்றம். மேகம் இறங்கி ரோட்டில் உட்கார்ந்திருந்தால் அது மூடுபனி. இரவில் பெய்தது கணக்கில் வராது. சாப்பிடும்போது பெய்ததும் வராது, எப்படியும் உள்ளேதானே இருந்தோம்! இப்படிக் கழித்துக் கழித்து, ஒரு வாரத்தில் பெய்த மொத்த மழை புதன்கிழமை அரை மணி நேரம் என்று தீர்ப்பாகும்.

போன் காட்டும் வழியை அவர் நம்புவதில்லை. பள்ளத்தாக்கில் இறங்கினால் சிக்னல் போய்விடும் என்பது நியாயமான காரணம். ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தைக் கட்டில் அகலத்துக்கு விரித்துப் பார்க்கலாம் என்பது உண்மையான காரணம். பார்த்து முடித்ததும், நல்ல ரோடு ஒன்று இருக்க, ஹார்ட்நாட் கணவாய் வழியாகப் போகலாம் என்பார். மூன்றடி முன்னே போவதற்குள் ஓரடி மேலே ஏறும் செங்குத்து அது. ஒரு கார் போகும் அகலம். வழியில் ரோமானியர் கோட்டையின் இடிபாடு ஒன்று நிற்கிறது. "கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே இங்கே வந்துவிட்டார்கள்!" என்று பெருமைப்படுவார். "திரும்பிப் போயும்விட்டார்கள்" என்பார் மனைவி, ஜன்னல் மேல் கைப்பிடியை விடாமல்.

எதிரே ஒரு கார் வரும். அதை ஓட்டுகிறவரும் இதே ஜாதி. மரியாதை கருதி இருவரும் ஒரே நேரத்தில் ரிவர்ஸ் எடுப்பார்கள். பிறகு, அவர்தான் வழி விட்டாரே என்று இருவரும் ஒரே நேரத்தில் முன்னேறுவார்கள். மறுபடியும் ரிவர்ஸ். கடைசியில் நடு ரோட்டில் ஒரு ஹெர்ட்விக் ஆடு வந்து படுத்துக்கொள்ளும். அதற்கு மரியாதை, மழை இரண்டும் பொருட்டில்லை.

ஒருவழியாக வாஸ்ட் வாட்டர் ஏரி. இயற்கையையும் பழைய இடங்களையும் பேணும் நேஷனல் டிரஸ்ட்டில் அவர் உறுப்பினர்; உறுப்பினருக்கு அந்த அமைப்பின் நிறுத்துமிடங்களில் கட்டணம் இல்லை. அந்தச் சில பவுண்டை மிச்சம் பிடிக்க, அதைவிட அதிகமாகப் பெட்ரோல் எரித்துச் சுற்றி வந்து, ஏரியைப் பார்த்தவாக்கில் காரை நிறுத்துவார். யாரும் இறங்குவதில்லை. பிளாஸ்க் திறக்கப்படும். முட்டை சாண்ட்விச் கைமாறும். நாலு பேர் மூச்சும் தேநீர் ஆவியும் சேர்ந்து கண்ணாடி முழுக்கப் படிந்துவிடும். "இங்கிலாந்திலேயே ஆழமான ஏரி, 79 மீட்டர்" என்பார். எல்லோரும் வெள்ளைக் கண்ணாடியைப் பயபக்தியோடு பார்ப்பார்கள்.

மூத்த மகள் முணுமுணுத்தால் இலக்கியம் வரும். 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் கரையில் தங்கை டாரத்தியோடு நடந்துபோனபோதுதான் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் டாஃபடில் பூக்கூட்டத்தைப் பார்த்தார். அன்று பேய்க்காற்று என்று தங்கை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். "பார்த்தாயா, அவர் வெயிலுக்காகக் காத்திருக்கவில்லை!"

"அவர் பார்க்கிங்குக்காகவும் காத்திருக்கவில்லை, அப்பா. நடந்து போனார்."

மழை எந்தச் சட்டத்துக்கும் அடங்காமல் போகும் நாளில் கெஸ்விக்கில் உள்ள பென்சில் அருங்காட்சியகம் கைகொடுக்கும். பாரோடேலில் பதினாறாம் நூற்றாண்டில் கிடைத்த கிராஃபைட்டால் வளர்ந்த தொழில் அது. ஏறக்குறைய எட்டு மீட்டர் நீள வண்ணப் பென்சில் ஒன்று அங்கே இருக்கிறது. அதைச் சுற்றிச் சொட்டச் சொட்ட நிற்கும் கூட்டத்தில், காலையில் கணவாயில் வழிவிட்டவரும் இருப்பார். "வெளுத்துவிடும், இல்லையா?" "சந்தேகமே இல்லை."

இந்த நம்பிக்கை பிறவிக் குணம் என்று நினைத்தால் தவறு, தொற்று. முதல் வருஷம் மழையைப் பார்த்து "திரும்பிப் போவம்" என்று துடித்த, லண்டன் ஹாரோவில் வசிக்கும் யாழ்ப்பாணத்து மாமா, சில வருஷம் போனதும் புளிச்சாதப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுங்கோ, இப்ப விட்டிடும்" என்று ஏரி திசையில் கை காட்டுகிறார்.

ஆனால் நம் 'மேற்கே வெளுக்கிறது' ஆசாமிக்கு உண்மையான சோதனை வெயில் நாளில்தான். வாரத்தில் ஒரு நாள் வானம் துடைத்துவிட்டாற்போல விடியும். விண்டர்மியர் கரையில் நாடே திரண்டிருக்கும். காரை நிறுத்த இடமில்லை, ஐஸ்கிரீமுக்கு வரிசை. வாட்டர்ப்ரூஃப் கால்சட்டையில் அவர் வேர்த்து வழிவார். பொறுமையும் பிளாஸ்க்கும் முன்யோசனையும் இன்றைக்கு யாருக்கும் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் சந்தோஷமாக இருக்கக்கூடிய நாளில் அவருக்கென்று என்ன வேலை? மத்தியானம் கண்மேல் கைவைத்துப் பார்த்து, "மேற்கே லேசாகக் கறுக்கிறதோ?" என்பார். குரலில் ஆசை தெரியும்.

கடைசி நாள் காலை, ஈரச் சாக்ஸைக் காரின் ஹீட்டரில் உலர்த்திக்கொண்டே அடுத்த ஆகஸ்ட்டுக்கும் அதே வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். மனைவி மெல்ல, "ஒரு தடவை ஸ்பெயினுக்குப் போனால் என்ன?" என்று கேட்பார்.

"ஸ்பெயினா? அங்கே வெயிலைத் தவிர என்ன இருக்கிறது?"