நெருஞ்சி முள்ளும் புயவலிமையும்

ஓமோன் எனப்படுவது, நாளமில்லாச் சுரப்பிகளில் ஊறிக் குருதியோடு சென்று தொலைவிலுள்ள உறுப்புகளை ஏவும் பொருளாகும்; பாடநூல் இச்சொல்லை இவ்வாறு மெலிந்த உருவில் எழுத, இலங்கை மலையகத்தின் கினிகத்தேனைக் கடைத்தெருவில் தசை வளர்க்கும் இளைஞர்கள் ‘ஹோர்மோன்’ என்று மூச்சை அழுத்தி ஒலிப்பதால், சொல்லுக்கே சிறிது உடற்பயிற்சி கிட்டியுள்ளது.

ஓமோன்களுள் அவ்விளைஞர்கள் பெரிதும் போற்றுவது, ஆணின் விதைகளில் மிகுதியாகவும் பெண்ணுடலில் சிறிதளவும் சுரந்து, தசைப் புரதம் உருவாவதைத் தூண்டும் டெஸ்டோஸ்டிரோன் ஆகும். அதனைப் பெருக்கும் ஆசை புதியதன்று. தமிழர் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய மொரீசியஸ் தீவில் 1817இல் பிறந்த பிரவுன்-செக்கார் என்னும் உடலியல் அறிஞர், 1889இல், தமது 72ஆம் வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைச்சாற்றைத் தமக்கே ஊசியேற்றிக்கொண்டு, மாடிப்படிகளில் ஓடி ஏற முடிகின்றதென்றும், சிறுநீர் முன்னினும் தொலைவாகப் பாய்வதை அளந்தறிந்ததாகவும் பாரிஸ் அறிஞர் அவையில் அறிவித்தார். டெஸ்டோஸ்டிரோன் நீரில் ஏறத்தாழக் கரையாதாகையால், அவ்வூசியில் இருந்தது பெரும்பாலும் நம்பிக்கையே. நம்பிக்கையை அடிக்கோல் கொண்டு அளந்த பெருமை அவரைச் சாரும்.

இன்று அந்நம்பிக்கை குப்பிகளில் வருகின்றது. ‘இயற்கையானது’ என்னும் முத்திரையோடு விற்கப்படும் வில்லைகள் பலவற்றில் அடங்கியிருப்பது நெருஞ்சி. உடல்நலமுள்ள ஆண்களிடம் அது டெஸ்டோஸ்டிரோனை உயர்த்தவில்லை என்றே ஆய்வுகள் பலவும் காட்டியுள்ளன. தமிழகத்துக் கரட்டு நிலங்களில் வெறுங்காலில் நடந்து, கடல் கடந்து கோப்பிக் காடுகளுக்கு வந்த முன்னோர், வழியில் தைத்தபோது வைது பிடுங்கியெறிந்த முள்ளை, அவர்தம் கொள்ளுப்பேரர் விலைகொடுத்து வாங்கி வெந்நீரில் விழுங்குவது, பூர்வீக உறவைப் புதுப்பிக்கும் முறைகளுள் செலவு மிக்கதாகும்.

உண்மையில் உதவுவனவற்றுக்கு விளம்பரமில்லை. சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வொன்றில் (2011), 10 இளைஞர்கள் ஒரு வாரம் இரவில் 5 மணி நேரம் மட்டுமே உறங்கியபோது, அவர்களது பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் வரை குறைந்தது. தசை தளராதிருக்க விற்றமின் டி வேண்டுமென்றும், அதற்குக் காலை வெயிலில் நிற்கவேண்டுமென்றும் கூறப்படும் அறிவுரையோ, வட்டவளைக்கு அண்மையில், தென்மேல் பருவமழையின் மடியிலே கிடக்கும் கினிகத்தேனைக்கு ஆனி மாதத்தில் பொருந்துமாறில்லை.

தசை வளர்ச்சியில் சுமையின் பங்கு தனியே நோக்கத்தக்கது. நாள் பேருக்கு, அதாவது முழு நாட்கூலிக்கு, பல தோட்டங்களில் கேட்கப்படும் 18 கிலோ வரையான தேயிலைக் கொழுந்தைச் செங்குத்தான மலையில் சுமந்து நிறுவைக்குக் கொண்டுவரும் பெண்களிடம் இந்த ஓமோன் சிறிதளவே உண்டு. எனினும் அவர்களது கெண்டைக்கால் தசை, கண்ணாடி முன் நின்று வளர்த்ததன்று. குறைபாடு உணவுத் தட்டிலேதான் உள்ளது. தசை வளர்க்க உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1.6 கிராம் புரதம் வேண்டுமெனில், 60 கிலோ உள்ளவருக்கு 96 கிராம் ஆகின்றது. இது, முட்டை ஒன்றுக்கு 6 கிராமாக, 16 முட்டைகள். கோதுமை ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இக்கணக்கை நெருங்குவதில்லை. பருப்பும் நெத்தலிக் கருவாடும் சேர்ந்தால் ஓரளவு நெருங்கும்.

இனி, பயிற்சி தசையிழைகளை நலியச் செய்ய, அவற்றைத் தடிப்பாக்குவன ஓய்வும் உணவுமே. கவ்வாத்து வெட்டிய மலையில் மறுநாளே கொழுந்தெடுக்க ஆளனுப்பும் கங்காணி எவருமிலர்; அம்மலையில் பிறந்து வளர்ந்த இளைஞரோ, நேற்றுக் கவ்வாத்துச் செய்த தம் புயத்தில் இன்று துளிர் வந்துவிட்டதா என்று கண்ணாடிக்கு முன் சட்டையைக் கழற்றுகின்றார்.