மஞ்சள் சட்டைக்காரரின் விருந்தோம்பல்

பேராக்கின் தெற்கு வாசல் தஞ்சோங் மாலிம். வாசலைத் தாண்டினால் பெர்ணம் ஆறு. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிலாங்கூர். பேராக் காற்பந்துக் குழுவின் சொந்த அரங்கம் இருக்கும் ஈப்போவுக்கு இங்கிருந்து நூற்றிருபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். சிலாங்கூரின் ஷா ஆலாமோ நூறு கிலோமீட்டருக்குள். இந்த ஊர் ரசிகருக்குச் சொந்த வீட்டைவிட எதிரி வீடுதான் பக்கம்.

எல்லையில் குடியிருப்பவருக்கு ரோஷம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஈப்போக்காரர் சிலாங்கூர்க்காரரை ஆட்டத்தன்று மட்டும் பார்க்கிறார். நம் மஞ்சள் சட்டைக்காரர், அதாவது இந்த ஊர்ப் பேராக் ரசிகர், தினமும் பார்க்கிறார்: சந்தையில், பெட்ரோல் நிலையத்தில், கோயில் திருவிழாவில். போதாக்குறைக்குத் தங்கையையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் கட்டிக் கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளை பிறவிச் சிலாங்கூர். பெண் கேட்டு வந்த அன்று வேலை, சம்பளம், ஜாதகம் எல்லாம் விசாரித்தவர், இந்த ஒன்றை மட்டும் விசாரிக்க மறந்துவிட்டார்.

தோட்டத்துத் திடலில் வெறுங்காலோடு பந்து உதைத்து வளர்ந்தவர். அப்பா பால் வெட்டினார். இவர் கார்த் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். வாரத்தில் ஆறு நாள் இவரைப் போல ஒரு சாதுவைப் பார்க்க முடியாது. வெளியூர்க்காரர் யாராவது காரை நிறுத்தி, 1926 முதல் நடக்கும் யிக் முன் பாவ் கடைக்கு வழி கேட்டால், கையை நீட்டிக் காட்டியதோடு விடமாட்டார். மோட்டாரை எடுத்துக்கொண்டு முன்னால் போய், கடை வாசலில் விட்டுவிட்டு, எந்தப் பாவ் நன்றாக இருக்கும் என்றும் சொல்லிவிட்டு வருவார்.

அதே வெளியூர்க்காரர் சிலாங்கூரின் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஈப்போ அரங்கத்துக்குள் வந்தால் கதை வேறு.

உள்ளே நுழைந்ததும் இவருடைய முதல் வேலை, விருந்தாளி ரசிகர்களை ஒதுக்கி உட்காரவைத்திருக்கும் பகுதியை நோட்டம் விடுவது. ஆள் குறைவாக இருந்தால், “பயந்துட்டானுங்க.” நிறைய இருந்தால், “நம்ம ஊருக்கே வந்து என்னா திமிரு பாரு.” சரியான எண்ணிக்கையில் எதிரணி ரசிகர்கள் வந்ததாக அவர் இதுவரை ஒத்துக்கொண்டதில்லை.

ஆட்டம் தொடங்கியபின் அவர் பந்தைப் பார்ப்பது குறைவு. கழுத்து எப்போதும் அந்தச் சிவப்புப் பகுதிப் பக்கமே திரும்பியிருக்கும். நடுவருக்கு ‘ரெப்ரி காயூ’, அதாவது மரக்கட்டை என்ற பட்டத்தை முதல் பத்து நிமிடத்திலேயே வழங்கிவிடுவார். மலேசிய அரங்குகளில் அது பரம்பரைச் சொத்து. மீதி எண்பது நிமிடமும் விருந்தாளிகளின் கவனிப்புக்கே. அவர்கள் கொடி ஆட்டினால் அது சவால். உட்கார்ந்திருந்தால் அலட்சியம். தொழுகைக்கோ கழிவறைக்கோ எழுந்து போனால் புறமுதுகு.

பாட்டில் எறிவதில் அவருக்கென்று ஒரு நாகரிகம் உண்டு. முதல் பாட்டிலை எறியமாட்டார். வேறு யாராவது தொடங்கி வைக்க வேண்டும். அதன்பின் அவர் எறிவது தனிமனிதச் செயல் ஆகாது. “எல்லாரும்தானே எறிஞ்சாங்க” என்ற கூட்டுறவுத் துறையில் சேர்ந்துவிடும். பாட்டிலுக்குள் இருந்தது தண்ணீர்தானா என்று கேட்பதும் மரியாதை இல்லை. பாட்டில் விலை ஒன்றிரண்டு வெள்ளி. அதற்கு விழும் அபராதம் குழுவின் தலையில் ஆயிரக்கணக்கில். பிறகு, குழுவிடம் காசில்லை, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் பாக்கி என்று செய்தி வந்தால், “நிர்வாகம் சரியில்லே” என்று முதலில் குரல் கொடுப்பவரும் இவர்தான்.

விருந்தாளியை மிரட்டினால் நமக்குக் கோல் கிடைக்கும் என்பது அவர் சித்தாந்தம். ஆதாரமும் கையில் வைத்திருக்கிறார். 2010 டிசம்பர் 26, புக்கிட் ஜாலில், ஆசியான் கிண்ண இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம். இந்தோனேசியக் கோல் காவலர் மார்க்குஸ் ஹோரிசனின் முகத்தில் பச்சை லேசர் ஒளி விழுந்துகொண்டே இருந்தது. இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் கோபித்துக்கொண்டு வெளியேற, ஆட்டம் சிறிது நேரம் நின்றது. மீண்டும் தொடங்கியபின் கால் மணி நேரத்துக்குள் மலேசியா மூன்று கோல்: சாபி சாலி இரண்டு, அஷாரி ஒன்று. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் 4-2 என்று கிண்ணம் முதன்முறையாக மலேசியாவுக்கு வந்தது.

அந்தக் குழுவின் பயிற்சியாளர் கே. ராஜகோபால். நம்மவர் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய பெயர், சொல்லிக்கொள்ளவும் செய்கிறார். ஆனால் வெற்றிக்குக் காரணம் என்று வரும்போது, ராஜகோபாலுக்கு நாற்பது விழுக்காடும் லேசருக்கு அறுபது விழுக்காடும் ஒதுக்கிவிடுகிறார். ஜகார்த்தாவில் நம் காவலர் கைருல் பாமியின் முகத்திலும் லேசர் அடித்தார்களே, அப்படியும் கிண்ணம் இங்கேதானே வந்தது என்று யாராவது கேட்டால், தே தாரிக்கை ஒரு வாய் குடித்துவிட்டு, “அது வேற லேசர்” என்பார்.

2014 டிசம்பர் 7 பற்றிப் பேச்செடுத்தால் அவருக்குத் திடீரென்று வேலை ஞாபகம் வரும். அதே ஆசியான் கிண்ணத்தின் அரையிறுதி முதல் ஆட்டம்; ஷா ஆலாமில் வியட்நாமிடம் மலேசியா 1-2 என்று தோற்றது. தோல்வி தாங்காத சிலர், பார்க்க வந்திருந்த வியட்நாம் ரசிகர்கள்மேல் பாய்ந்து அடித்தார்கள், சிலர் காயமடைந்தார்கள். அப்போதைய விளையாட்டுத் துறை அமைச்சர் கைரி ஜமாலுடின் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. நான்கு நாள் கழித்து ஹனோயில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் மலேசியா 4-2 என்று ஜெயித்து இறுதிச் சுற்றுக்குப் போனது. இரண்டு ஆட்டத்திலும் ஜெயித்தது விருந்தாளிதான். அவருடைய சித்தாந்தத்தில் இதற்கு இடமே இல்லை.

2019 செப்டம்பர் 5 அன்று அவர் இன்னொரு மனிதரானார். ஜகார்த்தாவின் கெலோரா பூங் கார்னோ அரங்கில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று. மாமாக் கடைத் திரையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மலேசிய ரசிகர்கள் இருந்த பகுதியை நோக்கிப் பாட்டில்கள் பறக்கின்றன, உள்ளூர்க்காரர்கள் வேலியைத் தாண்டி வரப் பார்க்கிறார்கள், ஆட்டம் நிறுத்தப்படுகிறது. நம்மவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“என்னா மனுசங்க இவனுங்க? வந்த விருந்தாளிய இப்படியா நடத்துவாங்க? வாசல் மிதிச்சவன மதிக்க வேணாமா?”

கடையே அவரைத் திரும்பிப் பார்த்தது. கூடுதல் நேரத்தின் ஏழாவது நிமிடத்தில் முகமது சுமாரே அடித்த கோலில் மலேசியா 3-2 என்று ஜெயித்தது. அங்கேயும் ஜெயித்தது விருந்தாளி. அந்த ராத்திரி மட்டும் அவர் சித்தாந்தம் பேசவில்லை. ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார்.

அவரே விருந்தாளியாகப் போகும் நாள் இன்னும் விசேஷம். இப்போது இடிக்கப்பட்டுவிட்ட ஷா ஆலாம் அரங்கத்துக்குப் பேராக் போனபோதெல்லாம் இவரும் கொம்யூட்டர் ரயில் ஏறிப் போனவர்தான். ரயில் பாலத்தைத் தாண்டியதும் குரல் இறங்கிவிடும். மஞ்சள் சட்டைக்கு மேலே ஜாக்கெட் ஏறும். அரங்கத்துக்குள் போனால் மனித உரிமை வக்கீல்: கழிவறை ஏன் இவ்வளவு தூரம், போலீஸ் ஏன் இவ்வளவு பேர், போலீஸ் ஏன் இவ்வளவு கம்மி. ஆட்டம் முடிந்ததும், உள்ளூர்க் கூட்டம் கலையும்வரை விருந்தாளிகளை வெளியே விடமாட்டார்கள். கடைசி ரயில் போய்விடும். பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிவப்புச் சட்டையோடு மாப்பிள்ளைதான் கார் எடுத்துக்கொண்டு வரவேண்டும்.

“ஜெயிச்சது யாரு மச்சான்?” என்று தெரியாதவர் போலக் கேட்பார் மாப்பிள்ளை.

“ரோட்டப் பாத்து ஓட்டு மாப்ள.”

இந்த ரயில் சங்கடத்துக்கு அவர் கண்டுபிடித்திருக்கும் தீர்வு, விருந்தாளி ரசிகர்களை எந்த அரங்கத்திலுமே விடாமல் தடுத்துவிடுவது. அர்ஜென்டினா இதை 2013-இல் செய்து பார்த்தது. ஒரு ரசிகர் இறந்தபின் வந்த தடை. 2018-இல் போகா ஜூனியர்ஸ் ரசிகர்களுக்கு ரிவர் பிளேட் அரங்கில் இடம் கிடையாது என்றிருந்தபோது, கல்லெறிய விருந்தாளி ரசிகர் இல்லாத ரிவர் கூட்டம் போகா ஆட்டக்காரர்கள் வந்த பேருந்தின் கண்ணாடியை உடைத்தது. தென்னமெரிக்காவின் பெரிய இறுதி ஆட்டத்தைக் கடலைத் தாண்டி மாட்ரிட்டில் நடத்த வேண்டிவந்தது. இந்தோனேசியாவின் மாலாங் நகரில், 2022 அக்டோபர் 1 அன்று, கஞ்சுருஹான் அரங்கில் பெர்செபாயா ரசிகர் எவரையும் அனுமதிக்கவில்லை. அரேமா 2-3 என்று தோற்றதும் சொந்த ஊர்க் கூட்டமே திடலுக்குள் இறங்கியது; போலீஸ் கண்ணீர்ப் புகை அடித்தது; வாசல்களில் நெரிபட்டு 135 பேர் இறந்தார்கள். இதை மாப்பிள்ளை சொல்லக் கேட்ட பிறகு, தடை யோசனையைப் பற்றி அவர் கொஞ்ச நாள் பேசவில்லை.

ஜெயித்துவிட்டால் அவர் வள்ளல். 2018 அக்டோபர் 27, மலேசியக் கிண்ண இறுதி ஆட்டம், அதே ஷா ஆலாம். திரங்கானுவோடு 3-3, பெனால்டியில் 4-1 என்று கிண்ணம் பேராக்குக்கு. வாகன நிறுத்தத்தில் அழுதுகொண்டிருந்த ஒரு திரங்கானு பையனுக்குத் தன் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து, தோளைத் தட்டி, “நல்லா ஆடினீங்க” என்று மலாயில் ஆறுதல் சொன்னார். எதிரணி ரசிகருக்கு அவர் கொடுத்த பாட்டில்களில் காற்றில் பறக்காமல் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான்.

இப்போது அவருக்கு வந்திருப்பது வேறு வகைச் சோதனை. 2025-26 சூப்பர் லீக்கிலிருந்து பேராக் விலகிவிட்டது. ஈப்போவுக்கு ஜொகூரும் வரப்போவதில்லை, சிலாங்கூரும் வரப்போவதில்லை. எண்ணுவதற்கு விருந்தாளி இல்லை, திமிர் என்று சொல்ல ஆளில்லை. சனிக்கிழமை ராத்திரிகளில் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி நடுவருக்குக் காயூப் பட்டம் கொடுத்துப் பார்த்தார்; சரிப்படவில்லை.

மாப்பிள்ளைக்குப் பாவமாக இருந்தது. “பெட்டாலிங் ஜெயாவுல சிலாங்கூர் ஆட்டம் மச்சான். டிக்கெட் ஒண்ணு கூட இருக்கு, வர்றீங்களா?” என்று கூப்பிட்டார். மூன்று தடவை மறுத்துவிட்டு, நான்காவது தடவை கிளம்பினார். மஞ்சள் இல்லை, சிவப்பும் இல்லை. சாம்பல் நிறச் சட்டை. பொதுவான ஆளாம். மாப்பிள்ளை ஆட்களோடு உட்கார்ந்து, கச்சான் பொட்டலத்தைப் பிரித்து வாயில் போட்டார். ஆட்டம் தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அரங்கத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை பக்கம் சாய்ந்து கேட்டார்:

“வெளியூர்க்காரனுங்கள எந்தப் பக்கம் உக்கார வச்சிருக்கானுங்க?”