சிறுசதுரக் கட்டையைச் சக்கில் பற்றுமாறு: ஒரு விரிவுரை (முதல் தொகுதி)

இக்கட்டுரை என்னுதலிற்றோவெனின், 20 மி.மீ. பக்கமும் 125 மி.மீ. நீளமும் உடைய சதுரக் கட்டையை, அதாவது பேனா கடைவதற்கு அறுத்த துண்டை, துளை போடுவதற்காக லேத்தில் பிடிக்கும்போது சக்கில் (பற்றியில்) எந்த ஜா (தாடை) மாட்டுவது என்பதை நுதலிற்று. கடைசல்காரர்கள் இதை யோசிக்காமல் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவதால் இத்துறையில் நூல்கள் எழவில்லை. அப்பெருங்குறையை இந்நூல் போக்கும்.

சக்குகள் மூவகைப்படும். நால்வகை என்பாரும் உளர். அவர் எம் நெறியாளருக்கு ஆகாதவர் ஆதலின் விடுத்தனம்.

மூன்று ஜா சக்: உருண்டைக் கம்பிக்கும் அறுகோணக் கம்பிக்கும் உரியது. சதுரத்தை வைத்தால் ஒரு ஜா பக்கத்தில் உட்காரும், மற்ற இரண்டும் எதிர்மூலைகளில் மோதும், கட்டை நடுவை விட்டு ஒதுங்கும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

தனித்தனியாக நகரும் நாலு ஜா சக்: ஒவ்வொரு ஜாவுக்கும் ஒரு திருகு. சதுரம், நீள்சதுரம், கோணல் எதையும் பிடிக்கும். டயல் கேஜ் வைத்து, ஒரு ஜாவைத் தளர்த்தி எதிர் ஜாவை இறுக்கி, சுழற்றிப் பார்த்து, மறுபடி தளர்த்தி நடுவுக்குக் கொண்டுவரலாம். ஒரு பெட்டி பேனாவுக்கு ஆர்டர் எடுத்தவர் பணி ஓய்வுக்குப் பின் முயலலாம்.

மூன்றாவதே நமக்குரியது. மரக்கடைசலில் புழங்கும் நாலு ஜா ஸ்க்ரோல் சக். சாவியைத் திருப்பினால் நாலு ஜாவும் ஒன்றாக நகரும். காரணம், உள்ளே சுருள் பள்ளம் வெட்டிய ஒரு தட்டு. சுற்றுக்குச் சுற்று மாறாத இடைவெளி கொண்ட இச்சுருளைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே ஆர்க்கிமிடீஸ் ஆராய்ந்து தனி நூல் எழுதினார். அவர் லேத் வைத்திருந்தார் என்பதற்குச் சான்றில்லை. வைத்திருக்கவில்லை என்பதற்கும் சான்றில்லை. ஆதலின் இங்கே ஓர் அத்தியாயத்துக்கு இடமுண்டு. பல முனைவர் பட்டங்கள் இதைவிடச் சிறிய இடத்தில் எழும்பியுள்ளன.

ஜாக்களுக்கு 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். சுருள் கால் சுற்று திரும்புவதற்குள் கால் இடைவெளி நகர்ந்துவிடுவதால், ஒவ்வொரு ஜாவின் பல்லும் அந்த அளவு தள்ளி வெட்டப்பட்டிருக்கும். வரிசை மாற்றிப் போட்டால் நாலும் நடுவில் கூடா. இதில் கருத்து வேறுபட என்ன இருக்கிறது என்று கேட்பீர். முதல் உரைகாரர், ஒன்றாம் ஜா ஒன்றாம் பள்ளத்தில் என்றார். இரண்டாம் உரைகாரரும் அதையே சொன்னார்; ஆனால் முன்னவர் பெயரைக் குறிப்பிடவில்லை. சண்டை இன்றும் ஓயவில்லை.

இனி, பற்றுமாறு. இங்கே இரண்டு மரபுகள் உள. கட்டையின் தட்டைப் பக்கம் ஜாவைப் பார்க்க வேண்டும் என்பார் பக்கவாதியர். கட்டையின் மூலை ஜாவின் நடுக்குழியில் உட்கார வேண்டும் என்பார் மூலைவாதியர். மூலைவாதியருக்குச் சான்று, சக் பெட்டியின் அடியில் கிடந்த எண்ணெய்க்கறைத் தாள், இரண்டாம் மடிப்புக்குக் கீழ், கறைக்கு வலப்புறம். பக்கவாதியர் காட்டுவது அதே தாள், அதே மடிப்பு, கறைக்கு இடப்புறம். கறையே மூலபாடம், எழுத்துகள் இடைச்செருகல் என்று ஒரு மூன்றாம் அணி புறப்பட்டிருக்கிறது. கருத்தரங்குகளில் தலைமை பெரும்பாலும் அவர்களுக்கே கிடைக்கிறது.

யாம் கட்டையையே பார்த்தோம். (இம்முறை இத்துறையில் அரிது.) மூடினால் உட்புறம் 25 மி.மீ. விட்டமுள்ள வட்டமாகும் ஜாவில் தட்டைப் பக்கமாகப் பிடித்தால், வளைந்த ஜாவின் நடு கட்டையைத் தொடாது. இரண்டு ஓரங்கள் மட்டும் தொடும். நாலு ஜாவுக்கு எட்டு ஓரம். அவிழ்த்துப் பார்த்தால் பக்கத்துக்கு இரண்டாக எட்டுக் கோடுகள், நகத்தால் அழுத்தியதுபோல் மரத்தில் பதிந்திருக்கும். மூலையாகப் பிடித்தால் இறுக்கமெல்லாம் நாலு முனையில் விழும். ஈட்டி மரம் தாங்கும், மெதுமரம் நசுங்கி நசுங்கித் தளரும். துளை போடும் நேரத்தில் டெயில்ஸ்டாக்கில் டிரில் நிற்பதால் கட்டையின் மறுமுனைக்கு முட்டுக்கொடுக்கவும் முடியாது. பக்கவாதியர் சொல்வதே சரி. இது எமக்கும் வருத்தமே. அவர்கள் எம் முந்தைய நூலுக்கு மதிப்புரை எழுதியவர்கள்.

அளவும் ஒன்று உண்டு. 25 மி.மீ. வட்டத்துக்குள் அடங்கும் மிகப்பெரிய சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 17.7 மி.மீ. அதைவிடப் பெரிய கட்டையை இந்த ஜா தட்டையாகப் பிடிக்கும். சிறியதைப் பிடிக்காது, ஜாக்கள் ஒன்றையொன்று முட்டி நின்றுவிடும். 50 மி.மீ. ஜாவில் இந்த எல்லை 35.4. ஆகவே கடையில் சக்கோடு கொடுக்கும் 50 மி.மீ. ஜாவை மாட்டிக்கொண்டு பேனாக் கட்டையைப் பிடிக்க முயல்வார்க்கு அனுதாபம். இன்னும் ஒரு விந்தை: 25 ஜாவில் கெட்டியாக நின்ற 20 மி.மீ. சதுரத்தை 20 மி.மீ. உருண்டையாக்கி அதே ஜாவில் வையுங்கள், நழுவி விழும். ஜாக்களுக்கு நடுவே ரம்பம் தின்ற இடைவெளியைக் கணக்கில் சேர்த்தால் இவ்வெண்கள் சற்றே குறையும். சேர்த்தால் கட்டுரையும் குறையுமாதலின் சேர்த்திலேம். உட்புறம் தட்டையாக வெட்டிய ஜாக்கள் கிடைக்கின்றன. அவை இச்சிக்கலையே ஒழித்துவிடுவதால் ஆய்வுக்கு உதவா.

சதுரம் என்று விற்கப்படுவது சதுரமா என்பது தத்துவத்தின்பாற்படும். ஒரு பக்கம் 20, மறுபக்கம் 19.5 என்றிருந்தால் இரண்டு ஜா மட்டுமே பிடிக்கும். மற்ற இரண்டும் விருந்தினர். இரண்டு இழுப்பு இழைப்புளி போட்டால் தீரும். இழைப்புளி இத்தொகுதியின் எல்லைக்கு வெளியே உள்ளது.

சக் சாவியைச் சக்கிலேயே விட்டு மோட்டாரைப் போடற்க.

இவ்வளவையும் தொகுத்து, கோவைப் பக்கத்து லேத் பட்டறை ஒன்றில் மூத்த கடைசல்காரர் ஒருவருக்கு வாசித்துக் காட்டினோம். நடுவில் நிற்றல் பற்றிய பகுதியில் அவர் குறுக்கிட்டார்: “ஏனுங்க, ஓட்டை போட்டதுக்கப்புறம் அந்த ஓட்டைய நடுவா வெச்சுத்தானுங்களே பேனாவைக் கடையப் போறோம்? 20 மில்லிக் கட்டை 12, 13க்கு வரப்போகுது. அரை மில்லி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போனா என்னங்க? அசையாம நின்னாப் போதும்.” சொல்லிவிட்டு, எம் மாதிரிக் கட்டையை இரண்டு சென்டருக்கு நடுவே மாட்டி உருட்டி, 18 மி.மீ.க்குக் கொண்டுவந்து, காலெட் சக்கில் செருகித் துளை போட்டுக் கையில் கொடுத்தார். கட்டை சூடாக இருந்தது.

அவர் கருத்துக்கு மேற்கோள் எதுவும் காட்டப்படாமையின் அது ஏற்கப்படவில்லை. கட்டையும் உருண்டையாகிவிட்டதால் தரவுகளிலிருந்து நீக்கப்பட்டது. உருண்டைக் கட்டையைச் சதுர ஜாவில் பற்றுமாறு குறித்த இரண்டாம் தொகுதிக்கு நல்கை கேட்டு விண்ணப்பித்துள்ளோம். விண்ணப்பத்துடன் இணைத்த சதுரக் கட்டை பெறப்பட்டதாகவும், காற்றுக்குக் கோப்புகள் பறக்காமல் அது நன்றாகப் பயன்படுவதாகவும் பதில் வந்திருக்கிறது.